வெங்கிணாந்தி முட்டையும் நாங்களும்



வட்டைப் பக்கம் சிறுபோகத்துக்கு வாய்க்கால் வெட்டத் தொடங்கிவிட்டார்கள். போன வருடமும் இதே நாட்களில்தான் அது நடந்தது. ஊரில் பாதிப் பேருக்குப் பாதிக் கதை தெரியும். "சேர்மார் பாம்பு வளர்த்த கதை" என்று தேத்தண்ணிக் கடையில் சொல்லிச் சிரித்ததையும் கேட்டிருக்கிறோம். முழுக் கதையையும் நாங்களே எழுதிவிடுகிறோம். கொஞ்சம் நீளம். பொறுமையாக வாசியுங்கள்.

நாங்கள் என்றால் இரண்டு பேர். ஒருவர் விஞ்ஞானம், மற்றவர் விவசாயம். இரண்டு பேரும் அட்டாளைச்சேனை கல்வியியற் கல்லூரியில் ஒரே பிரிவில் படித்து வெளியானவர்கள். இதில் யார் எழுதுகிறார் என்று தேட வேண்டாம். பிழையில் இருவருக்கும் சரிபாதி.

ஒரு வெள்ளிக்கிழமை. ஜும்ஆ முடிந்து சாப்பிட்டுச் சாய்ந்த நேரம் தரம் 9 பொடியன் ஒருவன் வாசலில் வந்து நின்றான். கையில் பெயின்ட் வாளி, மேலே ஈரச் சாக்கு.

"சேர், வெங்கிணாந்திட முட்ட. ஆருக்கும் சொல்லாதீங்க."

கிட்டங்கிக்குப் போகும் வழியில், வாய்க்கால் கரையில் பழைய முள்ளம்பன்றிப் பொந்து ஒன்றைப் பெக்கோ பிளந்திருக்கிறது. உள்ளே மலைப்பாம்பு ஒன்று முட்டைகளைச் சுற்றிப் படுத்திருக்கிறது. பெக்கோ ஓட்டிய அண்ணன் மெசினை நிறுத்திவிட்டுத் தூரப் போய்விட்டார். வரம்பில் நின்றவர்கள் மண்வெட்டியோடு இறங்கினார்கள். எட்டு அடி இருக்கும் என்றான். அடிக்க அடிக்க அது முட்டையை விட்டு அசையவில்லை என்றான். அதை இரண்டு தரம் சொன்னான். முதல் வெட்டுப் போட்டது அவனுடைய வாப்பா. அதை ஒரு தரம்தான் சொன்னான்.

வாளியில் 26 முட்டை. கோழி முட்டையை விடப் பெரிது, வாத்து முட்டையை விடவும் பெரிது. வெள்ளைத் தோல். ஓடு இல்லை, தடித்த ஈரக் கடதாசி போல அமத்தினால் அமுங்கும். ஒன்றோடு ஒன்று பசை போட்டது போல ஒட்டிக் கிடந்தவற்றை இவன் பிரித்தெடுத்திருக்கிறான். பிரிக்கும்போது இரண்டு கிழிந்துவிட்டது. மிச்சம் 24.

அந்த நேரத்திலேயே வனஜீவராசிகள் திணைக்களத்துக்கு அழைத்திருக்க வேண்டும். அழைக்கவில்லை. காரணத்தை நேராகச் சொல்கிறோம்: ஆசை. பத்து வருடமாகக் கரும்பலகையில் முளையம் வரைந்து காட்டுகிறவர்களுக்கு, வாளி நிறைய முளையம் வாசலில் வந்து நின்றால் வேறு என்ன வரும்? பொரிக்கவைத்துப் பிள்ளைகளுக்குக் காட்டி, பிறகு கொண்டுபோய்க் காட்டில் விடலாம் என்று எங்களுக்கு நாங்களே சொல்லிக்கொண்டோம்.

மீன் அனுப்பும் ரெஜிபோம் பெட்டி ஒன்றை எடுத்துக் கழுவினோம். (மூன்று தரம் கழுவியும் சூரை வாசம் போகவில்லை.) அடியில் ஆற்று மணல், மேலே 25 வோட் குமிழ், பக்கத்தில் ஆய்வுகூடத்து வெப்பமானி. முட்டைகளில் ஒட்டிய சேற்றை ஈரத்துணியால் துடைத்து வரிசையாக அடுக்கினோம். விவசாய ஆசிரியருக்குக் கோழிக்குஞ்சு பொரிக்கவைத்து நல்ல பழக்கம். ஆகவே கோழி முட்டைக்குச் செய்வதை அப்படியே செய்தோம். காலையில் ஒரு தரம், மாலையில் ஒரு தரம், ஒவ்வொரு முட்டையையும் மெதுவாக, பிஸ்மி சொல்லி, மறுபக்கம் புரட்டிவைத்தோம்.

மூன்று நாள் அப்படிப் புரட்டினோம்.

நான்காம் நாள் இரவு லண்டனில் இருக்கும் கூட்டாளியின் நினைவு வந்தது. பாண்டிருப்பு ஆள். கல்லூரி விடுதியில் எங்கள் பக்கத்துக் கட்டில். இப்போது அங்கே ஒரு களஞ்சியசாலையில் வேலை. போல் பைத்தன் என்கிற சின்ன மலைப்பாம்பு இரண்டு வளர்க்கிறான், போன தடவை ஆறு குஞ்சு பொரித்தது என்று படம் அனுப்பியிருந்தான். அப்போது நாங்கள் "விசரா உனக்கு" என்று பதில் போட்டோம். இப்போது அவனையே கூப்பிட்டு, வீடியோவில் பெட்டியைக் காட்டினோம். விவசாய ஆசிரியர் பெருமையாக ஒரு முட்டையைத் தூக்கிப் புரட்டிக் காட்டினார்.

அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை.

"மச்சான், எத்தின நாளா புரட்டுறீங்கடா?"

சொன்னோம்.

"இனித் தொடாத. பென்சில் எடு. மேல்பக்கத்தில புள்ளி போடு. இனி அந்தப் புள்ளி வானத்தப் பார்த்தபடிதான் கிடக்கணும்."

விளக்கத்தை அவன் சொல்லச் சொல்ல எங்களுக்கு வேர்த்தது. கோழி முட்டைக்குள் மஞ்சள்கருவை இரு பக்கமும் முறுக்கு நூல் போன்ற ஒன்று பிடித்திருக்கும். நாங்களே வகுப்பில் உடைத்துக் காட்டுகிறோம். முட்டையைப் புரட்டினாலும் மஞ்சள்கரு உள்ளே சுழன்று, கரு மேலேயே நிற்கும். புரட்டாவிட்டால்தான் அது ஓட்டின் உட்தோலில் ஒட்டிச் சாகும். அதனால்தான் தாய்க்கோழி கிளறிக் கிளறி வைக்கிறது. பாம்பு முட்டையில் அந்த நூல் இல்லை. இட்டு ஒன்றிரண்டு நாளில் கரு மேல்பக்கமாக ஏறி, அதன் சவ்வுகள் தோலோடு ஒட்டிக்கொள்ளும். அங்கேதான் அது மூச்சு எடுக்கும். முட்டையைத் தலைகீழாக்கினால் மஞ்சள்கரு முழுவதும் கருவுக்கு மேலே வந்து அமத்தும். கோழிக்கு உயிர் கொடுக்கிற வேலைதான் பாம்புக்குக் கழுத்தைத் திருகுகிற வேலை.

அன்று இரவே ஸ்டோர் அறையை இருட்டாக்கி, போன் டோர்ச்சை ஒவ்வொரு முட்டையோடும் சேர்த்துப் பிடித்துப் பார்த்தோம். உயிருள்ள முட்டை உள்ளே ரோஜா நிறம், சிவப்பு நரம்பு வலை போல ஓடும். இல்லாதது வெறும் மஞ்சள். 17 முட்டையில் நரம்பு தெரிந்தது. ஏழில் இல்லை. அந்த ஏழில் எத்தனை முதலிலேயே கருக்கட்டாதவை, எத்தனை நாங்கள் புரட்டிக் கொன்றவை என்று எண்ணிப் பார்த்துக்கொண்டே வீட்டுக்குப் போனோம்.

அடுத்த நாளிலிருந்து கூட்டாளி சொன்னபடி. மணலைக் கொட்டிவிட்டுத் தும்புத்தூள் போட்டோம். அங்கே வேர்மிகியுலைட் என்று ஒன்று பாவிக்கிறார்கள். இங்கே தேடுவதை விடத் தும்புத்தூள் லேசு. தூளை நனைத்து உள்ளங்கையில் பிடித்து நெரிக்க வேண்டும். கட்டியாக நிற்கவும் வேண்டும், தண்ணீர் சொட்டவும் கூடாது. முட்டையின் பாதி அதில் புதைந்திருக்க, மேலே தண்ணீர் படவே கூடாது. சூடு 31, 32 பாகை செல்சியஸ். இது இரண்டு மாதம்.

எங்கள் கரையில் முட்டையைச் சூடாக்குவது பெரிய வேலை இல்லை. பகலில் ஆய்வுகூடத்துக்குள் வெப்பமானி 36 காட்டியது. அந்தச் சூட்டில் குஞ்சு முடமாகும், இல்லாவிட்டால் சாகும். பெட்டியைத் தூக்கி ஸ்டோர் அறைத் தரையில் வைத்து, சுற்றிலும் மண்பானைகளில் தண்ணீர் வைத்தோம். இரவில் 27க்கு இறங்கியது. குமிழ் போட்டோம். ஒரு இரவு கரண்ட் போய்விட்டது. சோடாப் போத்தல்களில் சுடுதண்ணீர் நிரப்பி, துணியில் சுற்றி, பெட்டிக்குள் ஓரமாக வைத்து, மணிக்கொரு தரம் மாற்றினோம். அதோடு கச்சான் காற்றும் தொடங்கிவிட்டது. காய்ந்த காற்று அறைக்குள் வந்ததும் இரண்டு முட்டை ஒரு பக்கம் குழிந்துவிட்டது. ஓடில்லாத முட்டை, தோலால் தண்ணீரை விட்டுவிடும். பொரிக்கிற கிழமைகளில் தானாகக் குழிவது வேறு விஷயம், அது வழமை. ஆரம்பத்தில் குழிந்தால் தாகம் என்று அர்த்தம். ஈரத்துணியை மூடியின் உட்பக்கம் கட்டினோம். ஒன்று திரும்ப உப்பியது.

இரண்டு ஆசிரியர், ஐந்து பொடியன்கள், ஒரு லண்டன் ஆலோசகர், குமிழ், பானை, போத்தல். இத்தனையும் சேர்ந்து செய்ய முடியாமல் திணறிய வேலையை, வாய்க்கால் கரையில் செத்துப்போன அந்தத் தாய் ஒன்றும் இல்லாமல் செய்துகொண்டிருந்தது. அதைப் பற்றித் தேடி வாசித்தபோதுதான் எங்களுக்கு மனம் பிசகத் தொடங்கியது.

பாம்புக்குக் குளிர் இரத்தம், தன் உடலில் சூடு உண்டாக்காது என்று நாங்கள் படிப்பிக்கிறோம். மலைப்பாம்புத் தாய் முட்டை இட்டதும் அவற்றைச் சுற்றி வளையம் வளையமாகக் கிடக்கும். குளிர் கூடினால் உடலைத் துடித்துத் துடித்து நடுங்கும். நடுங்க நடுங்கத் தசையில் சூடு பிறக்கும். வளையத்தை இறுக்கினால் ஈரம் காக்கும், தளர்த்தினால் காற்றுப் போகும். இரை தேடிப் போவதில்லை. பிரான்ஸ் தேசத்தவரான லமார்-பிக்கோ 1832இல் பரிஸ் அறிவியல் கழகத்தில் இந்திய மலைப்பாம்பு அடைகாக்கிறது என்று சொன்னார். பெரியவர்கள் நம்பவில்லை. 1841இல் அங்குள்ள மிருகக் காட்சிசாலையிலேயே ஒரு மலைப்பாம்பு முட்டை இட்டு அடைகாத்தது. வலென்சியென் என்ற விஞ்ஞானி வெப்பமானியை வளையத்துக்குள் வைத்துப் பார்த்தார். வெளியை விட உள்ளே சூடு. 1966இல் நியூயோர்க்கில் இன்னொரு தாயை ஆராய்ந்தவர்கள், குளிர் கூடக் கூட அது துடிக்கும் எண்ணிக்கையும் கூடுவதை எண்ணியே காட்டினார்கள்.  கிட்டங்கிப் பக்கம் இருப்பது இந்திய மலைப்பாம்பு.

"அடிக்க அடிக்க அசையல்ல சேர்" என்று பொடியன் சொன்னது அதுதான். அது சோம்பலும் இல்லை, பயமும் இல்லை. வேலையில் இருந்தது.

எட்டாம் நாள் மூன்று முட்டை கெட்டுப் பூஞ்சணம் பிடித்தது. எடுத்து வெளியே வைத்தோம். ஒன்றை வெட்டிப் பார்த்தோம். உள்ளே வெள்ளை நூல் போல, முழுதாகச் சுருண்ட ஒரு குட்டி. கண் இரண்டும் கறுப்புப் புள்ளி. மஞ்சள்கருவுக்கு அடியில் கிடந்தது. பொடியன்கள் எங்களைப் பார்த்தார்கள். "எங்கட பிழை மகன்" என்று சொன்னோம். அதை வகுப்பறையில் சொல்வது அவ்வளவு லேசு இல்லை.

மிச்சம் 14.

அன்றைக்கு இடைவேளையில் வாளி கொண்டுவந்தவன் தனியே வந்தான்.

"சேர், பொரிச்சா எனக்கு ஒண்டு தாறீங்களா? உம்மாக்குத் தெரியாம வச்சிக் கொள்ளுவன். எலி புடிச்சிக் குடுப்பன்."

லண்டன்காரனிடம் கேட்டுச் சொல்கிறோம் என்றோம். சமாளிக்கத்தான். ஆனால் இரவில் உண்மையாகவே கேட்டோம். அவன் தன் பாம்புகளைப் பற்றிச் சொன்னான். போல் பைத்தன் ஆபிரிக்கக் கரையிலிருந்து வந்த இனம், கானா, டோகோ, பெனின் பக்கம். நாலைந்து அடிக்கு மேல் அநேகமாக வளராது. பயந்தால் பந்து போலச் சுருளும், அதுதான் பெயர். தாய் ஒன்றரைக் கிலோ அளவு தேறும்வரை சோடி சேர்க்கக் கூடாது. குளிர்காலம் தொடங்கியதும் சில நாள் ஆணோடு விட்டு, பிரித்து, திரும்ப விட வேண்டும். மாதக்கணக்கில் பொறுமை. பிறகு ஒரு தோல் உரிக்கும். அதிலிருந்து ஏறக்குறைய ஒரு மாதத்தில் முட்டை, நாலிலிருந்து எட்டு வரை. ஒட்டிய குவியலைப் பிரிக்கக் கூடாது. 55, 60 நாளில் குஞ்சு மூக்கு நுனிப் பல்லால் தோலைக் கீறித் தலையை நீட்டும். நீட்டிவிட்டு ஒரு நாளுக்கு மேலும் அப்படியே இருக்கும், மிச்ச மஞ்சள்கருவை உறிஞ்சிக்கொண்டு. புதிதாக வளர்க்கிறவர்கள் பொறுமை கெட்டு இழுத்தெடுப்பார்கள். இழுத்தால் செத்தது. வெளியே வந்து ஒரு கிழமை, பத்து நாளில் முதல் தோல் உரித்த பிறகுதான் முதல் இரை.

"இது எல்லாம் இங்க சட்டப்படி சரி மச்சான்" என்றான். "பரம்பரையாக் கூட்டில பிறந்த சாமான். உங்கட கையில இருக்கிறது காட்டுப் பாம்பு. பத்தடி, பன்னிரண்டடி போகும். அதோட சட்டம் இருக்கெல்லோ? நீ சேர். நாளைக்குப் பேப்பரில வராத."

இலங்கையில் 1937ஆம் ஆண்டின் தாவர விலங்கினப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டத்தின் கீழ் மலைப்பாம்பு பாதுகாக்கப்பட்ட விலங்கு. கொல்வதும் பிடிப்பதும் வைத்திருப்பதும் குற்றம், முட்டை உட்பட. வெட்டிய வாப்பாவும் குற்றவாளி, காப்பாற்றுகிறோம் என்று ஒளித்து வைத்த நாங்களும் குற்றவாளி. ஒன்பது நாள் அதைத் தெரியாதது போலத்தான் நடந்தோம்.

அடுத்த நாள் பொடியனிடம் புளோரிடாக் கதையைச் சொன்னோம். அமெரிக்காவில் வீடுகளில் வளர்த்த பர்மிய மலைப்பாம்புகள் பெருத்துப்போக, சிலர் சதுப்பு நிலத்தில் விட்டுவிட்டார்கள், சில தப்பியும் போயின. அவை பெருகியபின் எவர்கிளேட்ஸில் கணக்கெடுத்தால், 2012இல் வந்த ஆய்வுப்படி ரக்கூன்கள் 99 வீதம் குறைந்திருந்தன. அந்த வருடமே இறக்குமதியைத் தடை செய்தார்கள். நாயையும் கருவியையும் வைத்துத் தேடியும் முடியாமல், 2017இல் தமிழ்நாட்டிலிருந்து இரண்டு இருளர்களை வரவழைத்தார்கள். மாசி சடையன், வடிவேல் கோபால். கையில் ஒரு இரும்புக் கம்பி, மண்ணில் பாம்பு இழுத்துப்போன தடத்தைப் படிக்கும் கண். வந்து இரண்டு கிழமைக்குள் 13 மலைப்பாம்பு. அதில் ஒன்று 16 அடித் தாய். 2023இல் இந்திய அரசு இருவருக்கும் பத்மஸ்ரீ கொடுத்தது. பொடியன் வாயைத் திறந்தபடி கேட்டான். முடிவில், "அப்ப நான் பெரியாளாகி அந்த வேலைக்குப் போறன் சேர்" என்றான். நாங்கள் சொல்ல வந்தது வேறு. பரவாயில்லை, முட்டையை மறந்துவிட்டான்.

ஒன்பதாம் நாள் அழைத்தோம். அலுவலர் பின்னேரமே வந்தார். சிங்களவர், கிழக்கிலேயே வேலை செய்து நல்ல தமிழ். பெட்டியைத் திறந்து பார்த்தார், பென்சில் புள்ளிகளைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார்.

"சேர்மார், நீங்க முதல் நாளே கோல் பண்ணியிருந்தா நான் என்ன சொல்லியிருப்பன் தெரியுமா? தொடாதீங்க எண்டு மட்டும்தான்."

தலையைக் குனிந்துகொண்டோம். பிரம்புக்கு முன்னால் நிற்கும் பிள்ளைக்கு எப்படி இருக்கும் என்று பல வருடத்துக்குப் பிறகு தெரிந்தது. வாக்குமூலம் எழுதிக் கையெழுத்து வாங்கினார், எச்சரித்தார். பிறகு ஜீப்பில் பெட்டியைப் பின்னால் வைக்காமல், புள்ளிகள் மேலே இருக்கும்படி தன் மடியிலேயே வைத்துக்கொண்டு போனார்.

ஆறு கிழமை எந்தச் செய்தியும் இல்லை. நாங்களும் கேட்கக் கூச்சப்பட்டோம். ஜூன் கடைசியில் ஒரு விடியற்காலை வட்ஸ்அப்பில் வீடியோ வந்தது. வெள்ளைத் தோல் கீறல் ஒன்றிலிருந்து பழுப்பு நிறத் தலை, நாக்கை நீட்டி நீட்டி. கீழே ஒரு வரி: 14இல் 9. எங்கே விட்டார் என்று சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை.

வீடியோவைப் பிள்ளைகளுக்குப் போட்டுக் காட்டியதும் கைதட்டல். வாளிக்காரன் மட்டும் போனைத் தரச் சொல்லி, தனியே இன்னும் நாலைந்து தரம் பார்த்தான். வீட்டிலும் சொல்லியிருக்க வேண்டும். இரண்டு நாள் கழித்து அவனுடைய வாப்பா பள்ளிவாசல் வாசலில் எங்களைப் பிடித்தார். நல்ல மனுசன், ஆளைத் தெரிந்தவர்களுக்குத் தெரியும். ஆடு வளர்க்கிறவர், போன மாரியில் வெள்ளத்தோடு வந்த பாம்பு ஒன்று குட்டி ஆட்டை விழுங்கியது மெய். அவர் பயத்திலும் கோபத்திலும் நியாயம் இல்லை என்று நாங்கள் சொல்லவில்லை.

"ஒம்பது பொரிச்சாமே?"

"ஓம் காக்கா."

"மொத்தம் எத்தின முட்ட?"

"இருபத்தாறு."

கொஞ்சம் நின்றார். "தாய் இருந்திருந்தா?"

"எல்லாம் பொரிச்சிருக்கும் எண்டு சொல்லேலா காக்கா. எங்களை விடக் கூடப் பொரிச்சிருக்கும். நாங்களும் கனக்கக் கெடுத்துப் போட்டம்."

செருப்பைப் போட்டுக்கொண்டு போய்விட்டார்.

இதை இப்போது எழுதக் காரணம் இருக்கிறது. சித்திரை, வைகாசி மாதங்கள் அது முட்டையோடு பொந்தில் கிடக்கும் காலம். கரை வெட்டும்போது பொந்து திறந்து, பாம்பு சுருண்டு கிடந்தால் மெசினை நிறுத்திவிட்டுத் தள்ளி நில்லுங்கள். நஞ்சில்லாத பாம்பு, ஆனால் கடித்தால் நன்றாகக் கிழிக்கும். அது முட்டையை விட்டு உங்களைத் துரத்திக்கொண்டு வராது. முட்டையை எடுக்க வேண்டாம், துடைக்க வேண்டாம், வீட்டுக்குக் கொண்டுவர வேண்டாம், முக்கியமாக எங்களிடம் கொண்டுவர வேண்டாம். வனஜீவராசிகள் திணைக்களத்தின் அவசர இலக்கம் 1992. ஆட்டுக் கொட்டிலுக்குக் கீழ்ப்பக்கம் இரண்டு அடிக்காவது சின்னக் கண் கம்பி வலை அடியுங்கள். விவசாய ஆசிரியர் வந்து அளந்து தருவார், தேத்தண்ணி மட்டும் போதும்.

முந்தாநாள் இரவு எட்டரை மணிக்குப் போன் வந்தது. வாளிக்காரனின் வாப்பா. பின்னால் ஆட்கள் கதைக்கும் சத்தம், டோர்ச்சை இங்கால பிடி என்று யாரோ கத்தும் சத்தம்.

"சேர், வாய்க்கால் கட்டில ஒண்டு கிடக்கு. பெரிய சாமான். அடிக்கல்ல, சுத்தி நிக்கம். அந்த நம்பர் என்ன சொன்னீங்க, ஆயிரத்தித் தொளாயிரத்தி...?"